கிள்ளான் பள்ளத்தாக்கும் புகைமூட்டமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



வானம் வெளுத்து, தூரத்துக் கட்டடங்கள் மங்கத் தொடங்கினால், "இந்தோனேசியாவில் காட்டைக் கொளுத்துகிறார்கள்" என்று நம் மாணவர்கள் உடனே சொல்லிவிடுகின்றனர். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. புகை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லித்தரும் நாம், அது ஏன் நம்மிடம் வந்து தங்குகிறது என்பதையும் சொல்லித்தர வேண்டாமா?

முதலில் நில அமைப்பைப் பார்ப்போம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்ரா. மலையில் பிறந்த கிள்ளான் ஆறு கோலாலம்பூரைக் கடந்து கிள்ளானருகே கடலில் கலக்கிறது. கடற்பக்கம் திறந்தும் மலைப்பக்கம் அடைத்தும் இருக்கும் இந்த நிலத்தில், மேற்கிலிருந்து வரும் காற்று எளிதாக நுழைகிறது, எளிதாக வெளியேறுவதில்லை.

இனிப் பருவம். ஏறத்தாழ மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் ஈரத்தைச் சுமத்ராவின் உயர்ந்த மலைகளே பெரிதும் வாங்கிக்கொள்வதால், நம் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை வறண்ட மாதங்களாகின்றன. மழையில்லாக் காற்று புகையைக் கழுவாது, சுமந்து வரும். எல் நீனோ ஆண்டென்றால் வறட்சி இன்னும் நீளும். (அதே சுமத்ராத் திசையிலிருந்து விடியற்காலையில் சீறிவரும் இடிமழையையும் நம் நாட்டில் 'சுமத்ரா' என்றே அழைக்கின்றனர். புகை வரும் வழியிலேயே அதைக் கழுவும் மழையும் வருவது வியப்புத்தான்.)

இப்பள்ளத்தாக்கிற்குப் புகை புதிதன்று. 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் உருவான கோலாலம்பூர், 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. மரத்துக்கும் அத்தாப்புக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை மீண்டும் கட்டினர். அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரே அதைச் சொல்கிறது. 1886இல் கிள்ளானை நோக்கி இரயில் ஓடத் தொடங்கியபின், நீராவி எஞ்சின்களின் கரும்புகை நம் முன்னோர் வாழ்ந்த இரயில்வே குடியிருப்புகளின் அன்றாடக் காட்சியாயிற்று. ஆயினும் அவை ஊர்ப்புகை. அடுப்பு அணைந்தால் அடங்கும்.

மட்கரி நிலத்துத் தீ அப்படிப்பட்டதன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காது கிடந்த மரமும் இலையும் நீரில் ஊறியிருக்கும் வரையில் எரியா. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், மண்ணே விறகாகிறது. மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

1997இல் எல் நீனோ வறட்சியில் சுமத்ராவும் கலிமந்தானும் எரிந்தபோது, செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டியது. 300க்கு மேற்பட்டாலே அது அபாய நிலை என்பதை நினைவிற்கொள்க. நம் பள்ளத்தாக்கிற்கு அந்நிலை 2005இல் வந்தது. ஆகஸ்டு 11ஆம் நாள், குறியீடு 500ஐக் கடந்ததால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன் சில ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்படாதிருந்த குறியீட்டு எண்கள் அம்மாதமே மீண்டும் வெளிவந்தன. பிள்ளையை வெளியே விடலாமா என்று முடிவுசெய்ய வேண்டிய பெற்றோருக்கு எண்ணை மறைத்து வைத்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

2013 ஜூனில் ரியாவு மாநிலத்துத் தீயின் புகை ஜொகூர்ப் பக்கம் திரும்பியது. மூவாரில் குறியீடு 746ஐ எட்டியது. தீ அதே கரையில்தான். காற்றின் கோணம் சற்று மாற, துன்பப்படும் ஊரும் மாறியது. 2015இலும் 2019இலும் சிலாங்கூர்ப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்டம் குறித்த உடன்படிக்கையில் 2002 ஜூனில் நம் கோலாலம்பூரிலேயே கையெழுத்திட்டன. இந்தோனேசியா அதை ஏற்க 2014 வரை ஆனது.

நம் வீட்டுப் பக்கமும் திரும்ப வேண்டும். கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவிலும் கோல லங்காட்டிலும் மட்கரி நிலம் உண்டு. வறண்ட நாட்களில் அதுவும் எரிகிறது. கடலைத் தாண்டி வராத அந்தப் புகை, காலைக் காற்று அசையாத வேளையில், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் உயரத்திலேயே படிந்து நிற்கிறது. அங்கே வாய்க்கால்களில் தடுப்புகள் கட்டி நிலத்தடி நீரை உயர்த்துவதே தீத்தடுப்பின் முதல் வேலையாக உள்ளது. தேசப்படத்தில் சுமத்ராவைக் காட்டும்போது, அந்த வாய்க்கால்களையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.