காப்பதற்கா, மணப்பதற்கா? ஹாப் மலரும் எல்லைப்புறப் பனஞ்சாறும்

காட்டாக்கடை முதல் நெய்யாற்றின்கரை, பாறசாலை வரை நீளும் எல்லைப்புறச் சிற்றூர்களில் பனையேறி பாளையில் கலயம் கட்டும் முன்னரே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி. தடவாமல் விட்டால் கிடைப்பது கள். சாறு ஒன்றே, பாளையும் ஒன்றே. சேர்க்கப்படும் பொருள் மட்டுமே பானத்தின் பெயரையும் ஆயுளையும், பிற்காலத்தில் அதன் சட்டத் தகுதியையும் தீர்மானித்தது.

ஐரோப்பியப் பீரின் வரலாற்றில் இதே இடத்தில் நிற்பது ஹாப் கொடியின் மலர். கலங்கிய தோற்றமும் பழச்சாற்று மணமும் கொண்ட பேல் ஏலை இன்று வீட்டில் காய்ச்சும் மேலைநாட்டார் எந்த ஹாப் வகையைத் தேர்வது என்று நீண்ட விவாதம் நடத்துகின்றனர். சுவையைப் பற்றியதாகத் தோன்றும் இவ்விவாதத்தின் அடியில் ஒரு பழைய கேள்வி உள்ளது: பானத்தில் சேர்க்கும் பொருள் அதைக் காப்பதற்கா, மணக்கச் செய்வதற்கா?

இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் பீருக்குச் சுவையூட்டியது ‘குருட்’ எனப்பட்ட மூலிகைக் கலவை. அதை விற்கும் உரிமை பிரபுக்களிடமும் திருச்சபையிடமும் நகராட்சிகளிடமும் இருந்தமையால் அது ஒரு வரி வருவாயாகவே விளங்கியது. 12ஆம் நூற்றாண்டில் ஹில்டெகார்ட் என்னும் ஜெர்மானியத் துறவி, ஹாப் பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதினார். ஹாப் பரவியபோது குருட் உரிமையாளர்கள் பல இடங்களில் அதை எதிர்த்தனர். 1516இல் பவேரியாவில் இயற்றப்பட்ட சட்டம் பீருக்கு வாற்கோதுமை, ஹாப், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. இங்கிலாந்தில் நெடுங்காலம் ‘ஏல்’ என்றால் ஹாப் இல்லாதது, ‘பீர்’ என்றால் ஹாப் இட்டது. அக்கானி, கள் என்னும் சொற்களைப் போலவே அங்கும் சேர்மானமே பெயரைப் பிரித்தது.

ஹாப்பின் காக்கும் ஆற்றல் பெரிதும் சோதிக்கப்பட்டது இந்தியக் கடல்வழியில். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் துறைகளுக்கு அருகே இருந்த ஹாட்ஜ்சனின் போ மதுவாலையிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேல் ஏல் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. 1820களில் பர்ட்டன் நகர ஆலைகளும் போட்டியில் இறங்கின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பயணம் பல மாதங்கள் நீடித்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டியிருந்தது. ஆகவே காய்ச்சும்போது மிகுதியாக ஹாப் இட்டதோடு, பீப்பாயிலும் உலர்ந்த மலர்களைத் திணித்தனர். ஹாட்ஜ்சன் இந்தியாவிற்கென்றே ஒரு புதிய பானத்தைக் கண்டுபிடித்தார் என்பது பிற்காலக் கதை. மிகுதியான ஹாப் இட்டு நீண்டநாள் முதிரவைக்கும் ஏல் அங்கு முன்பே இருந்தது. இந்தியச் சந்தை அதற்கு ஒரு பெயரைத் தந்தது. 1830களில் ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் தொடர் விளம்பர வழக்காகிவிட்டது.

அந்தத் தேர்வின் வேதியியல் எளிது. ஹாப் மலரின் பிசினில் ஆல்ஃபா அமிலங்களும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்கும். ஆனால் எண்ணெய்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கொதி அடங்கியபின் அல்லது நொதிக்கும் வேளையில் இட்டால் கசப்பு குறைந்து மணம் தங்கும். குளிர்பதனமும் நுண்ணுயிரியலும் வளர்ந்தபின் காக்கும் சுமை ஹாப்பின் தோளிலிருந்து இறங்கியது. மணத்திற்காகவே வகைகளைத் தேர்வது எளிதாயிற்று. 1972இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உருவாகி வெளிவந்த காஸ்கேட் வகை நாரத்தைக் குடும்பத்தின் மணத்தைப் பீருக்குள் கொண்டுவந்தது. பின்னர் சிட்ரா, மொசைக், ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி முதலியன மாம்பழம், எலுமிச்சை, பேஷன் பழம் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்களோடு வந்தன.

கலங்கல் பேல் ஏலுக்கு வகை தேர்வோர் கசப்பின் அளவைவிட மூன்று செய்திகளைக் கவனிக்கின்றனர். முதலாவது, ஜெரானியால், லினலூல் போன்ற மணப்பொருள்களின் அளவு. இரண்டாவது, வெப்பமண்டலப் பழங்களின் வாடையைத் தரும் தயோல்கள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். இவை மிக நுண்ணிய அளவிலேயே மூக்கிற்குப் புலப்படும். மூன்றாவது, ஈஸ்ட்டோடு அந்த வகைக்குள்ள உறவு: நொதிக்கும்போது ஈஸ்ட் ஜெரானியாலின் ஒரு பகுதியைச் சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது, மலரில் இல்லாத மணம் கோப்பையில் பிறக்கிறது. ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும் ஹாப்பின் பாலிஃபீனால்களும் பிணைந்து கலங்கலை நிலைநிறுத்துகின்றன. 2018இல் அமெரிக்க மதுவடிப்போர் சங்கம் இதைத் தனிவகையாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. பல மாதக் கடற்பயணத்தைத் தாங்குவதற்காக மிகுதியாக இடப்பட்ட அதே மலர், இன்று எளிதில் நலங்கெடும் பானத்தை உருவாக்குகிறது. ஆக்சிஜன் பட்டால் கலங்கல் ஏலின் நிறம் மங்கும். சில வாரங்களில் மணம் தேயும். குளிரிலேயே வைத்துப் புதிதாகவே பருக வேண்டிய அது, இயல்பில் கள்ளுக்கு நெருங்கிவிட்டது. கள்ளின் கலங்கலுக்கும் அதில் மிதக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களுமே காரணம். அதன் பழமணமும் நொதித்தலில் பிறப்பதே. மறுநாள் அது புளித்துவிடும்.

தமிழ்ச் சொல்வரலாறு இதற்கு எதிர்முனையில் தொடங்குகிறது. மதுவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் உயர்வாகப் போற்றப்பட்ட ‘தேறல்’, தெளிதல் பொருளுடைய ‘தேறு’ என்னும் வினையிலிருந்து வந்தது. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழோடு நெல்முளை கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் முதிரவைத்து வடிக்கும் முறையை விவரிக்கிறது. முளைத்த தானியத்தைக் கொண்டு காய்ச்சுவதால் அது பீரின் இனத்தைச் சேர்ந்ததே. தெளிவே மேன்மை என்னும் மதிப்பீடு மொழியிலேயே பதிந்திருந்தது. கலங்கலையே ஒரு தரமாக விற்கும் இன்றைய சந்தை, அம்மதிப்பீடு நிலையானதன்று என்பதைக் காட்டுகிறது.

ஹாப் கொடிக்கு நீண்ட கோடைப் பகலும் குளிர்கால உறக்கமும் தேவை. நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைக்குச் சற்றே வடக்கில் உள்ள பாறசாலைப் பகுதியில் இவ்விரண்டும் இல்லை. இந்தியாவில் அது பயிரானது இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். தெற்கில் ஹாப்பின் காக்கும் பணியைச் செய்தவை வேறு பொருள்கள். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி நொதித்தலைத் தடுக்கிறது. இலங்கையில் கித்துள் சாறு இறக்குவோர் அதற்காக ஹல் மரப்பட்டையைக் கலயத்தில் இடுவர். காக்கும் பொருள்களைப் பற்றிய உலக வரலாற்றில் ஹாப்புக்கு நூல்கள் பல உண்டு. சுண்ணாம்புக் கலயத்துக்கும் பட்டைக்கும் கிடைத்திருப்பவை பெரும்பாலும் அடிக்குறிப்புகளே.

இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சட்டமும் துணை நின்றது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே தொழில்மரபின் நடுவே மாநில எல்லை விழுந்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசு மதுக்கடைகளில் பீர் விற்கப்படுகிறது. பாறசாலைப் பக்கம் உரிமம் பெற்ற ஷாப்புகளில் கள் விற்கலாம். ஆனால் உரிமமின்றி வீட்டில் எதை நொதிக்கவைத்து மதுவாக்கினாலும் அப்காரிச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் வீட்டுப் பீருக்கு வரிவிலக்கு அளித்தது. அதன்பின் வளர்ந்த வீட்டுக் காய்ச்சல் மரபிலிருந்தே பல சிறு மதுவாலைகள் எழுந்தன. ஹாப் வகைகளைப் பற்றிய இன்றைய நுண்ணிய மணச் சொற்களஞ்சியம் வளர்ந்ததில் அம்மரபுக்கும் பங்குண்டு.

எந்த மரத்துச் சாறு இனிப்பு, எந்தப் பருவத்தில் மணம் மிகும், சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் அக்கானி கசக்காது என்னும் அறிவு பனையேறிகளிடமும் உண்டு. ஹாப்பின் அறிவு ஆய்வகத்திற்கும் அட்டவணைக்கும் ஏறியது. பனையின் அறிவு ஏறுவோரின் நாவிலேயே தங்கியது. எல்லையின் இருபுறமும் பனையேறுவோர் குறைந்து வருகின்றனர். பானங்களின் வரலாற்றை எழுதுவோருக்கும் வட்டார வழக்கைத் தொகுப்போருக்கும் உடனடிப் பணி அங்கே இருக்கிறது: அவர்கள் மணத்தையும் கெடுதலையும் தெளிவையும் கலங்கலையும் எந்தச் சொற்களால் பிரித்தறிகின்றனர் என்பதை, அச்சொற்களைப் பயன்படுத்துவோர் இருக்கும்போதே பதிவு செய்தல்.