கானமயில் வழக்கில் வந்த உரிமை

காலநிலை மாற்றத்துக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் கிடையாது. ஆனா உரிமை ஒன்று இருக்கு. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனேன். போய் நின்ற இடம் தார் பாலைவனம், ஒரு பறவை.

கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கும். நேர் எதிரே பார்வை குறைவு, உடம்போ கனம். மின்கம்பி தெரியும்போது சட்டென்று விலக முடியாது, மோதிச் சாகும். மிச்சம் இருப்பதே சுமார் 150தான். 2019-ல் எம்.கே. ரஞ்சித்சிங் உச்ச நீதிமன்றம் போனார். (1972 வனவிலங்குச் சட்டம் உருவானதில் பெரும்பங்கு இவருக்கு உண்டு.) 2021 ஏப்ரலில், ராஜஸ்தானிலும் குஜராத்திலுமாக ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரில், முடிந்த இடத்திலெல்லாம் கம்பிகளைப் புதைக்கச் சொன்னது நீதிமன்றம்.

அரசு திரும்ப வந்தது. சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற நிலம் அதுதான், பாரிஸ் ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறோம், உயரழுத்தக் கம்பியை அவ்வளவு தூரம் புதைக்க முடியாது என்றது. 2024 மார்ச் 21-ல் சந்திரசூட் அமர்வு முந்தைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. அதே தீர்ப்பில்தான், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடக்கம் என்றது.

முதல் வாசிப்பில் சந்தோஷமாத்தான் இருந்தது. மறுபடி படிச்சப்பதான் உறைத்தது: வழக்கு இதற்காகப் போட்டதே இல்லை. உரிமையை அறிவித்த தீர்ப்பு, அரசு கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்த தீர்ப்பும்கூட. நாளைக்கு ஒரு நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக யாராவது இதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அப்போது என்ன சொல்வார்கள் என்று பார்க்கணும்.