கடன் வாங்கிய ஒரு மணித்தியாலம்

1996 மே 24, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் இலங்கைக்கு நேரம் ஒரு மணியாகிவிட்டது. மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றி, நாடு மின்வெட்டில் தவித்த வருடம் அது. மாலையில் விளக்குப் போடுவதைப் பிந்தச் செய்தால் கொஞ்சம் மின்சாரம் மிஞ்சும் என்று மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். அந்த மே 25ஆம் திகதிக்கு இருபத்துமூன்று மணித்தியாலம்தான்.

எடுத்த கடன் இரண்டு தவணையாகத் திரும்பி வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 26, நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அரை மணித்தியாலம். மீதி அரை, பத்து வருடத்துக்குக் கிட்டப் போய், 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, அதுவும் பன்னிரண்டரைக்கு. மூன்றும் வெள்ளி கழிந்து சனி பிறக்கிற இரவுகள். கடைசித் தவணையோடு நாங்கள் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய இடத்துக்கு, இந்தியாவின் நேரத்துக்கே, வந்து சேர்ந்தோம்.

கடனே வாங்காத ஒரு பகுதியும் இந்தத் தீவில் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி அங்கே போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள். கலியாண வீட்டு முகூர்த்தத்தைச் சொல்லும்போது ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்ற கேள்வி எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அடிக்கடி கேட்டிருக்கிறது.

இவ்வளவும் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிவைத்த நேர வலயக் கோப்பில். பின்னர் கலிபோர்னியாவின் போல் எகெர்ட் அதைப் பராமரித்தார். 2011 முதல் அது ஐகான் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கைபேசிகளும் சேர்வர்களும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்கின்றன. அதில் ‘ஆசியா/கொலம்போ’ என்ற தலைப்பின் கீழ் எங்களுக்குப் பத்து வரிகூடத் தேறாது. 1906 வரை ஐந்து மணி பத்தொன்பது நிமிடம் முப்பத்திரண்டு செக்கன், அதற்கு மொறட்டுவை நேரம் என்று பெயர். பிறகு ஐந்தரை. உலகப் போரில், 1942இல், ஆறு, அப்புறம் ஆறரை. 1945இல் மறுபடி ஐந்தரை. அதன் பிறகுதான் 1996. புலிகளின் பகுதியில் இருப்பவர்கள் கொல்கத்தாவின் வலயத்தைப் பாவிக்கலாம் என்று எகெர்ட் 2006இல் குறிப்பு வரிகளில் எழுதினார். ஒரு போரின் எல்லைக்கோடு கணினிக் கோப்பொன்றில் இப்படி ஒரு வரியாகக் கிடப்பதை முதன்முதல் படித்தபோது என் கை விசைப்பலகையிலிருந்து தானாக எழும்பிவிட்டது.

கடன் வாங்கிய அந்த மணித்தியாலம் கோப்பில் எங்கும் தனியாக எழுதப்படவில்லை. ஒரு வரியில் ஐந்தரை, அடுத்த வரியில் ஆறரை. இரண்டுக்கும் நடுவே அது இருக்கிறது. அதைக் கண்டெடுத்துத் தருவது நாங்கள் நிரலில் சேர்க்கும் லைப்ரரியின் வேலை. ஸ்டீபன் கோல்பேர்ன் எழுதிய ஜோடா-டைம் இதை ஒழுங்காகச் செய்தது. அதில் கற்ற பாடங்களோடு அவரும் மற்றவர்களும் வடிவமைத்த நேரத் தொகுதி 2014 மார்ச்சில் ஜாவா 8உடன் வந்தது. கால அளவு இரண்டு வகை என்று அதில் அடித்துச் சொல்லிவிட்டார்கள். செக்கன்களால் அளப்பது டியூரேஷன். நாள், மாதம், வருடம் என்று நாட்காட்டியால் அளப்பது பீரியட்.

பெயரளவு வேறுபாடு என்று நினைப்பவர் 1996 மே 24, மாலை ஆறு மணியை எடுத்துக்கொள்ளட்டும். கொழும்பு வலயத்தில் அதோடு ‘ஒரு நாள்’ கூட்டினால் மறுநாள் மாலை ஆறு. ‘இருபத்துநான்கு மணித்தியாலம்’ கூட்டினால் மறுநாள் மாலை ஏழு. இரண்டும் சரியான விடைதான். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால்தான் பிழை. மாதத்தின் கதையும் அப்படித்தான்: ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் ஜாவா பெப்ரவரியின் கடைசி நாளில் நிற்கும்; பிஎச்பி மார்ச்சுக்குள் போய்விடும். ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் ‘பி1எம்’ ஒரு மாதம், ‘பிடி1எம்’ ஒரு நிமிடம். நடுவே ‘டி’ ஒன்றுதான் வேலி.

வாரம் என்றால் எல்லா லைப்ரரிக்கும் ஏழு நாள். ஆனால் 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு வேலை நாளாக இருந்தது, நிலாவின் போயா நாட்களைப் பார்த்து விடுமுறை விட்டார்கள். நிலா சில வாரங்களுக்கு எட்டு நாள் கொடுத்தது. அந்தக் காலத்துச் சம்பளக் கணக்கை இன்றைக்கு எந்த நிரலிடம் கொடுத்தாலும் அது திணறும்.

மருதானையில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு மாடி அறையில், சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு வேலை வந்தது. ஒரு நிறுவனத்தின் பழைய வரவுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, காவலாளிகளின் மேலதிக நேரத்தைக் கணக்கிட வேண்டும். பெரிய கொப்பிகள், ஊதா மை, ஓரம் எல்லாம் செல்லரித்திருந்தது. வந்த நேரத்தைப் போன நேரத்திலிருந்து கழித்து நானும் முதலில் நிரல் எழுதிவிட்டேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு, எட்டு மணித்தியாலம். எல்லா வரியும் எட்டு.

பிறகு ஒரு நாள் தேநீரோடு அந்தத் திகதிகள் ஞாபகம் வந்தன. நேர வலயத்தோடு சேர்த்துக் கழிக்கும்படி மாற்றி ஓடவிட்டேன். ஒருவருடைய பக்கத்தில் இரண்டு வரிகள் எட்டரையாக மாறின: 1996 ஒக்டோபர் 25 இரவும் 2006 ஏப்ரல் 14 இரவும். மே மாதத்து இரவில் வேலை செய்தவர்கள் ஏழு மணித்தியாலம் நின்று எட்டுக்குச் சம்பளம் வாங்கியிருப்பார்கள். மூன்று இரவும் நின்றவருக்குக் கணக்கு நேராகிவிடும். இவர் வேலைக்குச் சேர்ந்ததே 1996 ஜூனில். கடன் எடுத்த இரவில் இவர் இல்லை, கட்டிய இரண்டு இரவிலும் இருந்திருக்கிறார்.

தேடிப் பிடித்து அவரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிய மனிதர். “இரண்டு தரமும் நீங்கள் அரை மணித்தியாலம் கூட நின்றிருக்கிறீர்கள் ஐயா, அது எழுதப்படவில்லை” என்றேன்.

“தெரியும் தம்பி” என்றார். “கேட்டடியில் ஒரு மணிக்கூடு இருந்தது. ஸ்டூலில் ஏறிப் பன்னிரண்டரையைப் பன்னிரண்டுக்குத் திருப்பிவிட்டது நான்தானே.”