அமரன்: நடுகல்லும் திரைப்படமும்

2024 அக்டோபர் 31 அன்று வெளியான ‘அமரன்’ திரைப்படம், தமிழகத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வைக் கூறுகிறது. இராஷ்ட்ரிய ரைபிள்ஸ் 44ஆம் பிரிவில் பணியாற்றிய அவர், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் பயங்கரவாதிகளோடு பொருது வீழ்ந்தார். மறைவுக்குப் பின் அசோகச் சக்கர விருது வழங்கப்பெற்றது.

‘அமரன்’ என்பது இறப்பிலான் எனப் பொருள்படும் வடசொல். ‘அமர்’ என்னும் தமிழ்ச்சொல்லோ போரைக் குறிக்கும். தலைப்பில் இரு பொருளும் ஒலிக்கின்றன. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் மரபைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. செங்கம் நடுகற்கள் வீரனின் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் பொறித்துள்ளன. இப்படமும் அவ்வாறு நட்ட கல்லே.

கோலா தெர்லா அமைந்த இம்மலாயா மண்ணிலும் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. காட்டிலிருந்து போரிட்டோரை ஆட்சியாளர் முதலில் ‘கொள்ளையர்’ என்றனர். 1952இல் ‘கம்யூனிசப் பயங்கரவாதிகள்’ என மாற்றினர். பெயரிடுவதும் போரின் ஒரு பகுதியே. அப்போரில் 2,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நடுகல் வீரனின் பெயரையே தாங்கும். இவர்களின் பெயர்களை யார் பொறிப்பது?

மாணவர்களே, உங்கள் தோட்டத்து முதியோரிடம் அப்பெயர்களைக் கேளுங்கள். ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதி வையுங்கள்.