கௌண்டி நீதிமன்றச் சிவில் ஆவணங்கள்: தேடலும் நகல் பெறுதலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவுக்குக் கௌண்டி என்று பெயர். லூயிசியானாவில் பாரிஷ் என்றும் அலாஸ்காவில் பரோ என்றும் வழங்குவனவற்றையும் சேர்த்தால் நாடு முழுவதும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கௌண்டிகள் உள்ளன. நிலத் தகராறு, கடன் பாக்கி, ஒப்பந்த மீறல், நஷ்டஈடு, விவாகரத்து முதலிய சாமானிய மக்களின் சிவில் வியாஜ்ஜியங்களில் மிகப் பெரும்பாலானவை மத்திய அரசின் நீதிமன்றங்களுக்குப் போகாமல், கௌண்டித் தலைநகரில் அமர்ந்திருக்கும் மாநில நீதிமன்றத்திலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அவ்வழக்குகளில் தாக்கலாகும் பிராதுகள், பதிலுரைகள், பிரமாணப் பத்திரங்கள், உத்தரவுகள், தீர்ப்புகள் ஆகியவற்றையும், அவற்றை நாள்வரிசையில் குறித்துவைக்கும் பதிவேடுகளையும் பார்வையிட்டு நகல் பெறக் குடிகளுக்கு உள்ள உரிமை, அக்குடியரசைவிடப் பழமையானது. ஆயினும் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயாக நின்றதும், கைக்கு எட்டிய கனியாக மாறியதும், அந்தந்தக் காலத்தில் ஆவண அறையில் இருந்த பெயரட்டவணையின் தன்மையைப் பொறுத்தே நேர்ந்தன என்பது இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோருக்குப் புலப்படும்.

இவ்வுரிமையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1372-ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், பொதுமக்கள் சபையினர் மன்னரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டனர். நீதிமன்ற ஆவணங்கள் என்றென்றைக்கும் சாட்சியமாக இருக்கவேண்டியவை; அப்படியிருக்க, மன்னருக்குப் பாதகமாக முடியக்கூடியவற்றைத் தேடவும் நகலெடுக்கவும் அதிகாரிகள் மறுக்கின்றனர்; இத்தடை நீங்கவேண்டும் என்பது அவ்விண்ணப்பத்தின் சாரம். அது ஏற்கப்பட்டது. அரசனுக்கு எதிரான சாட்சியத்தையும் அரசனுடைய நீதிமன்றத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்ற நியாயத்தின் துணிவை, அந்தக் காலத்தை மனத்தில் வைத்து எண்ணிப் பார்க்கும்போது, வியக்காமல் இருக்க முடியவில்லை.

அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் குடியேறியவர்கள் இந்நியாயத்தையும் தங்களுடன் கொண்டுசென்றனர். வர்ஜீனியாக் குடியேற்றம் 1634-இல் எட்டுக் கௌண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் அக்கோமாக் என்ற பெயரில் அமைந்து பின்னர் நார்தாம்ப்டன் எனப் பெயர் மாறிய கௌண்டியின் நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் இடையறாமல் தொடர்ந்து வருகின்றன. அந்நாட்டிலேயே மிக நீண்ட தொடர்ச்சியுடைய கௌண்டி ஆவணம் அதுவே என்பர். ஈஸ்ட்வில் என்னும் சிற்றூரில் காக்கப்பட்டு வரும் அவ்வேடுகள் எழுதப்படத் தொடங்கிய காலத்தில் வர்ஜீனியாவில் நாணயத்தின் இடத்தில் புகையிலை வழங்கியதால், அக்காலத்துக் கடன் வழக்குகளில் பாக்கித் தொகை இத்தனை இராத்தல் புகையிலை என்றே குறிக்கப்படுவது வழக்கம்.

உரிமையை வெளிப்படையான சாசனமாக வகுத்த பெருமை மாசசூசெட்ஸைச் சேரும். அக்குடியேற்றம் 1641-இல் ஏற்றுக்கொண்ட உரிமைத் தொகுப்பின் 48-ஆவது பிரிவு, ஆட்சிக் குழுவின் ஏடுகள் நீங்கலாக எந்த நீதிமன்றத்தின் எந்தப் பதிவேட்டையும் அந்நாட்டில் வாழும் எவரும் தேடிப் பார்க்கலாம் என்றும், விதிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தி அவ்வலுவலகத்து அதிகாரி ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிரதியைப் பெறலாம் என்றும் விதித்தது. தேடல், நகல், அத்தாட்சி, கட்டணம் என்னும் நான்கும் அந்த ஒரே பிரிவுக்குள் அடங்கிவிட்டன. இன்று எந்தக் கௌண்டிக்குச் சென்று கேட்டாலும் காரியம் இந்நான்கைச் சுற்றியே நடைபெறுகிறது. நம் நாட்டு நீதிமன்றங்களில் நகல் மனுப் போடும் வழக்கமும் இதே ஆங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பார்வையிடும் உரிமை உள்ளவர் கேட்டால் பொது ஆவணத்தின் நகலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தரவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 76-ஆவது பிரிவில் விதித்தது.

குடியரசு நிறுவப்பட்ட பின்னர், ஒரு மாநிலத்தின் தீர்ப்பை மற்றொரு மாநிலம் எவ்வாறு நம்புவது என்ற பிரச்சினை எழுந்தது. ஒவ்வொரு மாநிலமும் பிற மாநிலங்களின் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு முழு மதிப்பளிக்கவேண்டும் என்று அரசியலமைப்புக் கூறிற்று. அதற்குரிய முறையை 1790 மே மாதத்தில் இயற்றப்பட்ட சட்டம் வகுத்தது. நகலின்மேல் நீதிமன்றக் கிளார்க்கின் சான்று வேண்டும். நீதிமன்றத்துக்கு முத்திரை உண்டானால் அதுவும் வேண்டும். அச்சான்று உரிய முறையில் அமைந்தது என்று நீதிபதியும் எழுதித்தரவேண்டும். சாதாரண நகல், சான்றிட்ட நகல், நீதிபதியின் சான்றும் சேர்ந்த மேல்சான்று நகல் என்று இன்று கௌண்டி அலுவலகங்களில் காணப்படும் பாகுபாட்டில் கடைசி வகை இச்சட்டத்தின் வழிவந்ததே.

ஆவணங்கள் வைக்கப்பட்ட விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வழக்கின் தாள்களை மூன்றாக மடித்து, மேல்மடிப்பில் கட்சிக்காரர் பெயரையும் தவணையையும் எழுதி, நாடாவால் கட்டித் தகர இழுப்பறைகளில் நெருக்கிச் செருகிவைத்தனர். வழக்கில் நடந்தவற்றைக் கிளார்க்கு பெரிய தோல் கட்டட ஏடுகளில் நாள்தோறும் பதிவார். தீர்ப்புக்குத் தனி ஏடு உண்டு. இவையனைத்துக்கும் திறவுகோல் வாதி பெயரட்டவணை, பிரதிவாதி பெயரட்டவணை என்ற இரண்டு புத்தகங்களே. இப்புத்தகங்களிலோ பெயர்கள் முழு அகரவரிசையில் அமைந்திருப்பதில்லை. முதலெழுத்து ஒன்றுக்கே பக்கம் ஒதுக்கி, வழக்கு வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போயிருப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் முதல் வாதியின் பெயர் மாத்திரம் இடம்பெறும். ஏனைய ஒன்பதின்மர் ‘முதலானோர்’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோவர். ஜெர்மனியிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்து குடியேறியவரின் பெயரைக் கிளார்க்கு தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். ஆகவே தேடுபவர் ஒரே பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முன்கூட்டியே எண்ணிக்கொண்டு செல்லவேண்டியிருக்கிறது.

அட்டவணையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே உணர்த்துவன செயின்ட் லூயிஸ் வட்டார நீதிமன்றத்து விடுதலை வழக்குகள். அடிமையாக வைக்கப்பட்டவர், தாம் சட்டவிரோதமாகப் பிடித்துவைக்கப்பட்டிருப்பதாகக் கூறி ஏழை வழக்காளியாக வாதாடுவதற்கு 1824-ஆம் ஆண்டின் மிசூரிச் சட்டம் இடமளித்தது. அவ்வழக்குகள் வடிவில் அடிதடிக்கும் அக்கிரமச் சிறைவைப்புக்கும் நஷ்டஈடு கோரும் சிவில் வழக்குகளாகவே தொடுக்கப்பட்டன. 1824-இல் மிசூரி உச்ச நீதிமன்றத்தில் வெற்றிபெற்ற வின்னி என்ற பெண்ணைப் போலப் பலருக்கு ஒற்றைப் பெயரே உண்டு. குடும்பப் பெயரைக் கொண்டு அமைந்த அட்டவணையில் அத்தகையவரை எந்த எழுத்தின்கீழ்த் தேடுவது? 1846 ஏப்ரல் 6-ஆம் நாள் டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் தனித்தனியே மனுத் தாக்கல் செய்து, எழுதத் தெரியாமையால் கையெழுத்துக்குப் பதிலாகக் கீற்றுக்குறி இட்டனர். பதினோராண்டுக்குப் பின் 1857-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு உலகறிந்தது. அதன் தொடக்கமோ ஒரு கௌண்டிக் கிளார்க்கின் இழுப்பறையில் மடிந்து கிடந்தது. பின்னாளில் மிசூரி மாநில ஆவணக் காப்பகத்தார் அந்நீதிமன்றத்தின் பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூய்மைசெய்து அட்டவணைப்படுத்தியபோது, 1814 முதல் 1860 வரையிலான காலத்தைச் சேர்ந்த அத்தகைய வழக்குகள் முந்நூறுக்கு மேல் வெளிவந்தன. எத்தனையோ தலைமுறைகளாகச் சட்டப்படி எல்லாருக்கும் திறந்தே இருந்த தாள்கள், பெயர்வரிசை ஒன்று உண்டான பிறகே மனிதரின் கண்ணுக்குத் தென்பட்டன.

தீயினால் அழிந்தவை பல. 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் முடிவில் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று ஜேம்ஸ் சிட்டி முதலிய கௌண்டிகள் அங்கு அனுப்பிவைத்திருந்த ஏடுகளும் சாம்பலாயின. 1884-இல் சின்சினாட்டிக் கலகக்காரர் ஹாமில்டன் கௌண்டி நீதிமன்றத்துக்கே தீ வைத்தனர். 1871 அக்டோபரில் சிக்காகோ எரிந்தபோது குக் கௌண்டியின் நில ஆவணங்களும் வழக்கு ஆவணங்களும் ஒருங்கே அழிந்தன. எந்த நிலம் எவருடையது என்பதற்கு அரசாங்கத்திடம் சான்றே இல்லாத நிலை உண்டாயிற்று. உரிமைச் சுருக்கம் தயாரித்து விற்கும் சில தனியார் நிறுவனங்கள் தங்கள் அட்டவணைப் புத்தகங்களைத் தீயிலிருந்து மீட்டு வைத்திருந்தன. 1872-ஆம் ஆண்டின் எரிந்த ஆவணச் சட்டம் அவற்றைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. மூலம் போய்விட்ட இடத்தில் அட்டவணையே மூலத்தின் பீடத்தில் அமர்ந்தது. 1906-இல் பூகம்பமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்த பிறகு கலிபோர்னியாவும் இவ்வகையான நிவாரணச் சட்டம் ஒன்றை இயற்றவேண்டி வந்தது.

எஞ்சியவை எங்கே இருக்கின்றன என்று நாடு முழுவதும் கணக்கெடுத்த பெருமுயற்சி, பொருளாதார மந்தத்தின் நடுவே, 1935-இல் தொடங்கிய வரலாற்று ஆவண ஆய்வு ஆகும். வேலையிழந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் கூலி பெற்றுக்கொண்டு நீதிமன்ற நிலவறைகளிலும் பரண்களிலும் ஏறி இறங்கி, ஏடுகளின் பெயர், ஆண்டு, இருக்குமிடம், அட்டவணையின் வகை ஆகியவற்றைக் குறித்துக் கௌண்டிவாரியாகத் தொகுத்தனர். இதற்குத் தலைமை வகித்த லூதர் எவன்ஸ் பின்னர்க் காங்கிரஸ் நூலகத் தலைவராகவும் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். பசித்தவனுக்கு வேலையும் வருங்காலத்துக்கு வழிகாட்டியும் ஒரே செலவில் கிடைத்த இத்திட்டத்தை அரசாங்கங்கள் செய்த அறிவுள்ள காரியங்களில் ஒன்றாகவே கருதவேண்டும். அதற்குப் பின் நுண்படச் சுருள் வந்து சேர்ந்தது. இல்லினாய்ஸ் கௌண்டிகளின் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடி, ஆபிரகாம் லிங்கன் வழக்குரைஞராக நடத்திய ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2000-இல் வெளியிட்டனர்.

இன்று ஆவணம் வேண்டுவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல், அதை வைத்திருப்பவர் யார் என்பதே. புளோரிடாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வட்டார நீதிமன்றக் கிளார்க்கு; டெக்சாஸில் மாவட்டக் கிளார்க்கு, கௌண்டிக் கிளார்க்கு என இருவர்; பென்சில்வேனியாவில் புரோதோனோட்டரி என்ற பழம்பெயருடைய அதிகாரி. நியூயார்க்கில் உச்ச நீதிமன்றம் என்ற பெயர் முதல்நிலை விசாரணை மன்றத்தைக் குறிக்கிறது. அதன் ஏடுகள் கௌண்டிக் கிளார்க்கிடம் இருக்கும். திவால் வழக்குகள் முற்றிலும் மத்திய நீதிமன்றத்தைச் சேர்ந்தவையாதலால் அவற்றைக் கௌண்டியில் தேடுவது வீண். வழக்கு எண் தெரிந்தவருக்கு வேலை எளிது; தெரியாதவர் கட்சிக்காரர் பெயரையும், தோராயமான ஆண்டையும், எந்தத் தாள் வேண்டும் என்பதையும் எழுதிக் கேட்கவேண்டும். ‘வழக்கு முழுவதும்’ என்று கேட்பதைவிட, முதலில் பதிவேட்டின் நகலை வாங்கி அதில் தேவையானவற்றைக் குறித்துக் கேட்பது காசையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். புளோரிடாச் சட்டம் பக்கத்துக்கு 1 டாலரும், சான்றுக்கு 2 டாலரும், தேடுவதற்கு ஆண்டொன்றுக்கு 2 டாலரும் விதித்தது. கலிபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட். ஆண்டை நிச்சயமாகச் சொல்லத் தெரியாதவர் அதற்கும் விலை கொடுக்கிறார்.

1966-இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டத்தைக் காட்டி நீதிமன்ற ஆவணத்தைக் கேட்பவர் உண்டு. அச்சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளை மாத்திரம் கட்டுப்படுத்துவது. நீதிமன்றங்களை அது தொடுவதில்லை. நீதிமன்ற ஆவணத்தைப் பார்வையிடும் உரிமை வழக்காற்றுச் சட்டத்தில் உள்ளது என்பதையும், அது எல்லையற்றதன்று என்பதையும் 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஒரு தாள் எப்போது பொதுச் சொத்தாகிறது என்ற கேள்வி அதைவிட நுட்பமானது. 1884-இல் மாசசூசெட்ஸ் நீதிபதியாக இருந்த ஹோம்ஸ், தாக்கல் செய்யப்பட்டு இன்னும் மன்றத்தின் விசாரணைக்கு வராத மனுவை வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தார். வெளிப்படைத்தன்மையின் பயன் நீதிபதியை மக்கள் கண்ணெதிரே நிறுத்துவது என்பது அவர் காட்டிய காரணம். கலிபோர்னியாவின் வென்சுரா கௌண்டியில் புதிய பிராதுகளை அலுவலக வேலை முடியும்வரை காட்டாமல் வைத்திருந்த வழக்கம் பற்றி 2020-இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமோ, பிராது தாக்கலான அப்பொழுதே பார்வையுரிமை தொடங்கிவிடுகிறது என்றது. இவ்விரண்டில் பின்னதே நியாயத்துக்கு அணுக்கமானது. விசாரணைக்கு வராமலே சமாதானமாகி மறைந்துபோகும் வழக்குகள் மிகுந்த காலத்தில், தாக்கலான தாளைத் தவிர மக்கள் காண எதுவும் எஞ்சுவதில்லை.

கணிப்பொறி வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2014 முதல் 2016 வரை படிப்படியாக எல்லாக் கௌண்டிகளிலும் சிவில் தாக்கல்களை மின்வழியாக்கிற்று. காகிதக் கட்டுக்குப் பதிலாக எழுத்தெழுத்தாய்த் தேடக்கூடிய கோப்பு பிறந்தது. முன்பு ஒருவரது விவாகரத்து விவரத்தைக் காண விரும்புபவர் அவ்வூருக்குச் சென்று ஏட்டைப் புரட்டவேண்டும். அந்தச் சிரமமே அந்தரங்கத்துக்கு ஒரு வேலியாக இருந்தது. சிதறிக்கிடக்கும் பதிவுகளை ஒன்றுசேர்ப்பது அந்தரங்கத்தைப் பாதிக்கக்கூடும் என்று, காவல்துறைப் பதிவுகள் தொடர்பான வழக்கொன்றில், 1989-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதனால் வங்கிக் கணக்கு எண், சமூகப் பாதுகாப்பு எண், சிறுவர் பெயர் முதலியவற்றைத் தாக்கல் செய்பவரே மறைக்கவேண்டும் என்ற விதிகள் பரவின. குழந்தைகள் சம்பந்தமான வழக்குகள் பல முத்திரையிட்டு மூடப்படுகின்றன. முத்திரையிட நீதிபதியின் உத்தரவோ சட்டத்தின் ஆணையோ வேண்டும். பதிவேட்டை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதித்துவிட்டு, தாள்களைப் பார்க்க நேரில் வரச் சொல்லும் கௌண்டிகள் இன்றும் உண்டு.

பழைய தாள்கள் என்றென்றும் அங்கேயே இருப்பதில்லை. பல மாநிலங்களில் பழைய ஏடுகள் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. சிறு வழக்குகளின் தாள்கள் குறித்த ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. தீர்ப்பு ஏடும் பெயரட்டவணையும் பெரும்பாலும் நிரந்தரமாக வைக்கப்படுகின்றன. தேடியும் கிடைக்காதபோது, இன்ன ஏடுகளை ஊன்றித் தேடியும் இன்ன பதிவு காணப்படவில்லை என்று அதிகாரியிடம் எழுதி வாங்கலாம். முறையாகச் சான்றிடப்பட்ட அக்காகிதத்தை, பதிவு இல்லை என்பதற்குச் சாட்சியமாக மத்திய சிவில் நடைமுறை விதிகளின் 44-ஆவது விதி ஏற்றுக்கொள்கிறது.