அளவும் அழுத்தமும்

செய்யுளோசைக்கு அடிப்படை யாது என்னும் வினாவிற்கு எல்லா மொழிகளும் ஒரே விடை கூறுவதில்லை. தமிழ்ப் புலவர் குறில், நெடில், ஒற்று என்பவற்றை நோக்கி நேரசையும் நிரையசையும் வகுத்தனர். கிரேக்கரும் இலத்தீன் புலவரும் நெட்டசை, குற்றசை என்னும் கால அளவைக் கொண்டனர். ஆங்கிலமோ வேறு நெறியது. அம்மொழிச் சொல்லில் ஓரசை அழுந்தி ஒலிக்கும். ஏனையவை மெலிந்து ஒலிக்கும். பழைய ஆங்கிலப் பாடல்களில் அடிதோறும் நான்கு அழுத்தங்கள் நின்றன. மோனை அவற்றைப் பிணித்தது. 14ஆம் நூற்றாண்டிலே சோசர் என்னும் புலவர், மெலிந்த அசையும் அழுந்திய அசையும் மாறிமாறி வரும் ஐஞ்சீரடியை இயைபுத் தொடையோடு நிலைபெறச் செய்தார்.

16ஆம் நூற்றாண்டில் இந்நெறிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. இலத்தீனிற் பெருமதிப்புக் கொண்ட அறிஞர், தத்தம் தாய்மொழிச் செய்யுளையும் கால அளவையால் திருத்த முற்பட்டனர். பிரான்சிலே பாயிவ் என்னும் புலவரும் கூர்வில் என்னும் இசைவாணரும் 1570இல் கவிதைக்கும் இசைக்குமெனக் கழகமொன்று நிறுவினர். நெட்டசைக்கு இரு மடங்கும் குற்றசைக்கு ஒரு மடங்குமாகக் காலம் வகுத்துப் பாட்டிசைத்தனர். இனிய இசை பிறந்தது. ஆயினும் பிரெஞ்சுச் செய்யுள் அசைகளை எண்ணும் தன் பழைய வழியினின்றும் பெயரவில்லை.

இங்கிலாந்திலும் இம்முயற்சி எழுந்தது. 1580இல் அச்சேறிய கடிதங்களில் ஸ்பென்சர் என்னும் கவிஞர், தச்சனைக் குறிக்கும் 'கார்பென்ரர்' என்ற சொல்லை எடுத்துக்காட்டினார். இரு மெய்கள் தொடர்வதால் அதன் நடுவசை இலத்தீன் விதிப்படி நெடிதாகும். பேச்சிலோ அது குறுகியே ஒலிக்கும். விதிக்கும் செவிக்கும் இடையே மூண்ட பிணக்கினை இவ்வொரு சொல்லே காட்டிவிடுகின்றது.

கவிஞரும் இசைப்புலவருமாகிய தோமஸ் கம்பியன் 1602இல் இயைபுத் தொடையைக் கண்டித்து நூலொன்று இயற்றினார். அவரும் அசையின் அளவைத் துணிவதற்குச் சொல்லின் அழுத்தத்தையே முதன்மையாக நோக்கவேண்டுமென உடன்பட்டார். பாடுவோன் ஓரசையை விரும்பியவாறு நீட்டலாம்; ஆனால், அழுத்தத்தை இடம் பெயர்த்தால் சொல்லே சிதையும். இசை பயின்ற கம்பியன் இதனை அறியாதவரல்லர். அவருக்கு மறுப்பாக 1603இல் சாமுவேல் டானியல் எழுதிய நூல், மக்கள் வழக்கும் மொழியின் இயல்புமே செய்யுளுக்குச் சான்று என நிறுவியது. கம்பியன் பின்னர் வெளியிட்ட இசைப்பாடல்களும் பெரும்பாலும் இயைபு பெற்றே வந்தன.

வழக்கும் செய்யுளும் நோக்கியே இலக்கணம் எழுதல் வேண்டும் என்பது தமிழ் மரபு. ஆங்கிலேயர் நெடிது முயன்று கண்ட முடிபும் அதுவே. ஆகவே, நேரசையையும் நிரையசையையும் ஆங்கில அழுத்தத்தைக் கொண்டு அளக்க முற்படுவோர், அன்று இலத்தீன் அளவுகோலால் ஆங்கிலத்தை அளந்தாரது பிழையையே மீளச் செய்வோராவர். ஒரு மொழியின் யாப்பு, அம்மொழி பேசுவோர் செவியிலே பிறந்து அச்செவியிலேயே வாழ்வதாகும்.