பூட்டிய கதவு பிறந்த கதை

பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில் இருக்கிறது தேவதானப்பட்டி. அங்கே மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில். அம்மாச்சி என்னை முதன்முறை கூட்டிப்போனபோது கூட்டத்துக்குள் எக்கி எக்கிப் பார்த்தேன். சிலை எதுவும் கண்ணில் படவில்லை. அடைத்த கதவு ஒன்று. அதற்குத்தான் மாலை, அதற்குத்தான் தீபாராதனை. தேங்காயை உடைக்கவில்லை, வாழைப்பழத்தை உரிக்கவில்லை. "சாமி எங்க அம்மாச்சி?" என்றேன். "கும்பிடு தாயி, இதான்" என்றாள்.

அந்தக் கதவு வந்த விதத்தை எங்கள் பக்கத்தில் பலவாறு சொல்வார்கள். நான் கேட்டு வளர்ந்தது இது. ஜமீன்தார் வீட்டுப் பசு ஒன்று மேய்ச்சலுக்குப் போய் மடி வற்றித் திரும்பியது. காட்டுக்குள் ஒரு பெண் அதன் பாலைக் குடிக்கிறாள் என்று மாடு மேய்ப்பவன் வந்து சொல்ல, ஜமீன்தார் மறைந்திருந்து பார்த்தார். பார்த்த கண் அவிந்துபோனது. தப்பை உணர்ந்து அவர் கதறியபோது ஒரு குரல் கேட்டது: ஆற்றில் வெள்ளம் வரும், மூங்கில் பெட்டியில் நான் வருவேன், மூங்கில் புதர் என்னை அணைபோட்டு நிறுத்தும், அந்த இடத்தில் வைத்துக் கும்பிடு. பெட்டி வந்தது. குச்சுவீடு கட்டி, பெட்டியை உள்ளே வைத்து, கதவை அடைத்தார்கள். அவருக்குப் பார்வை திரும்பியது.

ஒரு மனிதன் செய்த தப்பிலிருந்து பிறந்த கதவு என்பதால்தான் இந்தக் கதை எனக்குப் பெரிதாகப்படுகிறது. தண்டனை பசுவுக்கும் போகவில்லை, தகவல் சொன்னவனுக்கும் போகவில்லை. பார்த்தவர் கண்ணுக்குத்தான் போனது. பரிகாரம் செய்யவேண்டியவரும் அவரே. எத்தனை ஆள், படை இருந்தாலும் அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியவில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தங்களைப் 'பேகன்' என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கதவு நினைவுக்கு வரும். அந்தச் சொல்லின் லத்தீன் வேர், நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும். நாம் நாட்டார் தெய்வம் என்கிறோமே, அதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய ஊர்ச் சாமிகள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயின. 1951இல் பிரிட்டன் பழைய சூனியச் சட்டத்தை நீக்கியபிறகு, ஜெரால்டு கார்ட்னர் என்பவர் விக்கா என்ற வழிபாட்டை வெளிப்படையாகப் பரப்பினார். அதற்கு ஓர் ஒழுக்கம் தேவைப்பட்டது. பியர் லூயிஸ் 1901இல் எழுதிய பிரெஞ்சு நாவலில் பாசோல் என்று ஒரு ராஜா வருகிறார். பிறருக்குத் தீங்கில்லாதவரை மனம்போல் வாழலாம் என்பது அவர் நாட்டுச் சட்டம். கார்ட்னர் 1959இல் தம் நூலில் அந்த ராஜாவைச் சுட்டினார். 1964இல் விக்காக்காரரான டோரீன் வாலியன்ட் ஒரு கூட்டத்தில் பேசும்போது அந்தக் கருத்தை எட்டே ஆங்கிலச் சொற்களில் அடக்கினார். உலகமெங்கும் உள்ள விக்காக்காரர்கள் இன்று வழிகாட்டியாகச் சொல்வது அதைத்தான்.

நல்ல நெறி. அது ஒரு நாவலின் வழியாக வந்தது என்பதால் என் கண்ணுக்கு அதன் மதிப்பு குறையவில்லை. ஒன்றுதான் இடிக்கிறது. தீங்கு நேர்ந்ததா இல்லையா என்று தீர்மானிக்கிறவன் பெரும்பாலும் தீங்கு செய்தவனாகவே இருந்துவிடுகிறான். எதிரில் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த எதிராளிக்கும் இடம் வைத்த கதவு அழகர்கோயிலில் இருக்கிறது. பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கும் உருவம் கிடையாது. சந்தனம் அப்பிய பெருங்கதவுதான் சாமி. அழகர் சித்திரையில் மதுரைக்குப் புறப்படும்போது அணிந்திருக்கும் நகைகளின் பட்டியலைக் கருப்பன் முன்னால் வாசிக்கிறார்கள். திரும்பி வந்ததும் சரிபார்க்கிறார்கள். கடவுளே கணக்குக் காட்டிவிட்டுப் போகிற வாசல். கடன், வரப்பு, களவு என்று எந்த வழக்கானாலும் இரண்டு தரப்பும் அங்கே வந்து நிற்கும். ஒருவன் சத்தியம் செய்தால் மற்றவன் அதோடு விட்டுவிட வேண்டும்.

வெள்ளைக்காரன் நீதிமன்றமும் இந்த வழக்கத்துக்கு இடம் கொடுத்தது. 'எதிராளி இன்னபடி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு தரப்பு முன்வர, 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம் வழி வைத்திருந்தது. எதிராளி ஒப்புக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால் சொன்னதே முடிவு. மறுத்தால் நீதிபதி வற்புறுத்த முடியாது, மறுத்ததைப் பதிவுசெய்வார். 1969இல் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இல்லை. நீக்கியது சரிதான் என்று நினைக்கிறேன். பயத்தை வைத்து எடுக்கும் தீர்ப்பு, பயமே இல்லாதவனிடம் தோற்றுவிடும்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவள் அம்மாச்சிதான். தெருவில் ஒருவர் கறவை மாடு வாங்க அவளிடம் பணம் வாங்கினார். எழுத்து எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, வாங்கவே இல்லை என்றுவிட்டார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொதித்தது. "கருப்பன் வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் சத்தியம் பண்ணச் சொல்லு" என்று குதித்தேன்.

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவன் பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வீட்டுக்குப் போவான். நாளைக்கு அவன் புள்ளைக்கு ஒரு காய்ச்ச வந்தாலும் அந்தப் பழி எனக்கும்தான் தாயி. பண்ண வச்சது நான்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குக்கு நெய் வாங்கிக்கொண்டு தேவதானப்பட்டிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கதவுக்கு முன்னால் வெகுநேரம் உதடு அசைய நின்றாள். அந்த மனிதரைச் சபித்துவிட்டாள் என்றுதான் எண்ணினேன். பேருந்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அவனப் பத்தி ஒண்ணும் சொல்லல. உங்க தாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம பணத்த எடுத்துக் குடுத்தேன்ல, அதச் சொன்னேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, திண்ணையில் இருந்த தாத்தாவிடம் போனாள்.